பத்து நாள் மாத்திரை

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று கடையில் ஒரு அம்மாவோடு வாய்த் தகராறு. நாளைக்கு விமானத்தில் ஆறு மணி நேரப் பயணமாம், கூட இரண்டு வயதுக் குழந்தை. "அந்த அலர்ஜி சிரப் ஒண்ணு குடுங்க. போன தடவை அரை மூடி ஊத்தினோம், நல்லாத் தூங்கிட்டான்."

குழந்தைக்கு அலர்ஜியா என்று கேட்டேன். இல்லை. மூக்கு ஒழுகுகிறதா? அதுவும் இல்லை. "அப்ப எதுக்கும்மா?" "அதான் சொன்னேனே, தூங்குறதுக்கு!"

தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தூக்கம் வருவது அந்த மருந்தின் வேலை இல்லை, அதன் தொந்தரவு. சின்னப் பிள்ளைக்கு மூச்சையே மந்தப்படுத்திவிடும். சில பிள்ளைகளுக்கு நேர்மாறாகத் தூக்கம் போய், விமானத்தை இரண்டாக்கிவிடும். பொறுமையாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். "பக்கத்துத் தெருவுல குடுப்பாங்க" என்று விருட்டென்று போய்விட்டாள். கல்லாவில் இருந்த முதலாளி தலையைத் தூக்காமல் சொன்னார்: "வர்றவங்களை எல்லாம் இப்படி விரட்டிவிடுங்க. கடைசியில இருக்கிற மாத்திரையெல்லாம் நாமளே முழுங்க வேண்டியதுதான்."

இருபத்தாறு வருடமாக இந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். இந்த விஷயத்தில் நான் பொல்லாதவள் என்று தெருவுக்கே தெரியும்.

துண்டு அட்டைகள் நிறையச் சேர்ந்திருந்தன. மூன்று குடு, நாலு குடு என்று கேட்பார்கள். கத்தரிக்கோலால் அட்டையை வெட்டிக் கொடுப்போம். மருந்தின் பெயரும் தேதியும் அச்சடித்த பக்கம் யாருடனாவது போய்விடும். மிச்சத் துண்டை விற்கவும் முடியாது, கம்பெனிக்குத் திருப்பவும் முடியாது. எனக்கு மாத்திரையின் நிறமும் பருமனும் போதும், பெயர் தெரிந்துவிடும். அதனால் நல்லதாகப் பார்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து பிஸ்கட் டின்னில் போடுவேன். என் நெஞ்செரிச்சலுக்கு, தலைவலிக்கு, அக்காவின் தலைச்சுற்றலுக்கு. அக்காவுக்குப் போன பிப்ரவரியில் காது டாக்டர் எழுதிக்கொடுத்தது. காலை, மதியம், இரவு என்று நானே எடுத்து வைத்துவிடுகிறேன். ஒரு வருடத்தில் ஒரு தடவைகூடச் சுற்றவில்லை. கைராசிக்காரி நான்.

சமையலறையில் அக்காவின் சாமான் பட்டியல். உப்பு, சோப்பு, வெங்காயம், தீப்பெட்டி. கடைசி வரியில் வழக்கம்போல எனக்கு ஒரு குத்து: "மூளை கால் கிலோ (உனக்கு)." எழுத்து என்னவோ பொடிப் பொடியாக இருந்தது. "எறும்புக்கா எழுதினே?" என்று கேட்டேன். "பேப்பர் மிச்சம் பண்றேன்" என்றாள்.

பிப்ரவரி 11, புதன்

பட்டியலில் வெறும் சாமான்கள் மட்டும். எனக்குக் குத்து இல்லை. மறந்திருப்பாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

அச்சகக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். அக்கா பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்குத்தான் பிழை திருத்திக் கொடுக்கிறாள். இப்போது கையில் இருப்பது பறவைகளைப் பற்றிய புத்தகம், நானூறு பக்கத்துக்கு மேல். திருத்திய தாள்களை ஒரு பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்திருந்தார்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. ஓரத்துல நீங்க எழுதினது எங்க ஆளுங்க யாருக்கும் படிக்க முடியல. பூதக்கண்ணாடி வெச்சும் பார்த்துட்டோம்."

நானும் வாங்கிப் பார்த்தேன். வரியின் தொடக்கத்தில் எழுத்து எழுத்தாக இருக்கிறது. போகப் போகச் சிறுத்து, கடைசியில் வெறும் கோடு. அக்காவின் எழுத்தா இது? கரும்பலகையில் எழுதினால் கடைசி பெஞ்சு வரை தெரியும் என்று பேர் வாங்கியவள்.

அவர் போனபின் சொன்னேன்: "கொஞ்ச நாள் இந்த வேலையை விட்டுடேன்க்கா. கண்ணையும் கையையும் ஏன் கெடுத்துக்கறே?"

"என் வேலையைப் பத்தி நீ பேசாதே."

ஏற்றம் இறக்கம் இல்லாத குரல். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. அந்த ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பெரிய கோபமா? முதலாளி தன் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு கடை முழுக்கத் தேடிய கதையை இன்று நடித்தே காட்டினேன். முன்பானால் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். இன்று சுவரைப் பார்த்துப் பேசியது போல இருந்தது. எனக்கும் ரோஷம் உண்டு. நானும் பேசவில்லை.

ஆனால் கோபம் மட்டும்தானா? ஸ்வெட்டரில் ஐந்தே பொத்தான். போட்டு முடிப்பதற்குள் என் டீ ஆறிவிட்டது. நடக்கும்போது காலைத் தூக்கி வைப்பதில்லை, தேய்க்கிறாள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத எதையோ உருட்டிக்கொண்டே இருக்கின்றன.

எனக்குப் பயமாக இருக்கிறது. என் வீட்டுக்காரர் போனபின் நான் பெட்டியோடு வந்து நின்ற வீடு இது. ஏன், எவ்வளவு நாள் என்று ஒரு கேள்வி அவள் கேட்கவில்லை. ஐம்பத்து நான்கு வயதிலும் என்னைக் குட்டி என்று கூப்பிடுகிற ஒரே ஆள்.

மார்ச் 17, செவ்வாய்

நரம்பு டாக்டரிடம் போனோம். நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார். கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். ஒரு தாளைக் கொடுத்துப் பெயர் எழுதச் சொன்னார். அக்கா எழுதினாள். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"வேற மருந்து எதாவது சாப்பிடுறாங்களா?"

"பிரஷருக்கு ஒண்ணு மட்டும்தான் டாக்டர்" என்றேன். மருந்துக்கடைக்காரி என்று தெரிந்ததும் அவரும் மேலே கேட்கவில்லை.

நடுக்குவாதத்தின் தொடக்கம் மாதிரி இருக்கிறது என்றார். முழுசாகக் குணமாகாது, கட்டுக்குள் வைத்திருக்கலாம். கை சுலபமாக அசைய ஒரு மாத்திரை, தினம் மூன்று வேளை. இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார்.

ஆட்டோவில் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பறவைப் புத்தகத்தை முடிச்சுக் குடுத்துட முடியுமா?" முடியும் என்றேன். எனக்கென்ன தெரியும்?

மார்ச் 27, வெள்ளி

புது மாத்திரை அக்காவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விழுங்கிய அரை மணியில் குமட்டல். மூன்று நாளாகச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறாள். இந்த மாத்திரைக்கு அப்படித்தான் ஆகும், தெரிந்ததுதான். டாக்டருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. டின்னில் குமட்டலை நிறுத்தும் மாத்திரை இருந்தது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு ஒன்று என்று ஆரம்பித்துவிட்டேன். இரண்டே வேளையில் குமட்டல் நின்றது. இன்று மூன்று தோசை சாப்பிட்டாள். நிம்மதி.

ஏப்ரல் 6, திங்கள்

குளியலறையில் விழுந்துவிட்டாள். எலும்புக்கு ஒன்றும் இல்லை, முழங்கையில் சிராய்ப்பு. தூக்கும்போது மரக்கட்டையைத் தூக்குவது போல இருந்தது, உடம்பு வளையவே இல்லை. மாத்திரை ஆரம்பித்தபின் தேறுவாள் என்று பார்த்தால் படுமோசமாகப் போகிறாள். படுக்கையில் புரண்டு படுக்க என்னைக் கூப்பிடுகிறாள். இரண்டு மூன்று வாரத்தில் இப்படி ஆகுமா? இந்த நோய் இவ்வளவு வேகமாக ஓடுமா?

ஏப்ரல் 9, வியாழன்

பறவைப் புத்தகத்தை அச்சகக்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா பையைத் தன் கையால்தான் கொடுப்பேன் என்றாள். கொடுத்தாள். பை ஆடியது.

ஏப்ரல் 16, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு எனக்கே ஒரு சாக்கு கண்டுபிடித்துவிடுவேன்.

காலையில், கேள்விக்காரர் என்று நாங்கள் பேர் வைத்திருக்கிறவர் வந்தார். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு இருமல் மிட்டாய் வாங்கினாலும் ஒன்பது கேள்வி கேட்பார். அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை எடுத்துப் படித்துக் காட்டச் சொல்வார், "கண்ணு தெரியலம்மா, முழுசா படிங்க, நடுவுல விடாதீங்க" என்று. அவர் தலை தெருமுனையில் தெரிந்தாலே முதலாளி காப்பி குடிக்கப் போய்விடுவார். நானும் அவரைப் பற்றி வீட்டில் எத்தனை நாள் நடித்துக் காட்டியிருக்கிறேன்.

மகளைப் பார்க்க மலை மேலே பஸ்ஸில் போகிறாராம். வளைவு வளைவாக ரோடு, வாந்தி வரும். டாக்டர் சீட்டில் எழுதியிருந்தது சின்னரிசின். இரண்டு மாத்திரை, போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. புது அட்டையைப் பிரித்தேன். வழக்கம்போலத் தாளைப் படிக்கச் சொன்னார். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். கடகடவென்று படித்துத் தள்ளினேன். தலைச்சுற்றலுக்கும் பயணக் குமட்டலுக்கும் உரியது. தூக்கம் வரலாம். வண்டி ஓட்டக் கூடாது. வாய் உலரலாம். வயதானவர்கள் நீண்ட நாள் தொடர்ந்து எடுத்தால் கை நடுக்கம், தசை விறைப்பு, அசைவு மந்தமாதல்...

அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

"ஏம்மா நிறுத்திட்டீங்க? நடுவுல விடாதீங்கன்னேனே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிங்க" என்றார்.

காலை, மதியம், இரவு. அக்காவோட தலைச்சுற்றல் மாத்திரை, பதினாலு மாசம். என் கையால. எனக்குத் தெரியாதா? படிச்சிருக்கேனே! பரீட்சையில எழுதி மார்க் வாங்கியிருக்கேனே! யாராவது சீட்டு இல்லாம வந்து இதைக் கேட்டா என்ன ஆட்டம் ஆடியிருப்பேன்! டாக்டர் கேட்டப்பகூட பிரஷர் மாத்திரை மட்டும்தான்னு சொன்னேனே. பொய் சொல்லலை. ஞாபகமே வரலை. அந்த டின்ல இருக்கிறதை நான் மருந்துன்னே நினைக்கலை. பேர் இல்லாத துண்டு. வீட்டுல உப்பு இருக்கிற மாதிரி அது இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. நான் மூன்று வாரமாகக் கொடுக்கும் குமட்டல் மாத்திரை, மெட்டோகுளோப்ரமைடு. நடுக்குவாதக்காரர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. அதுவும் எனக்குத் தெரியும். முதல் மாத்திரையால் நடுக்கம், நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை, அதனால் குமட்டல், குமட்டலுக்கு இன்னொரு மாத்திரை, அதனால் மறுபடி நடுக்கம். அக்காவைச் சுற்றி நானே ஒரு செக்கைக் கட்டி, நானே மாட்டையும் ஓட்டியிருக்கிறேன்.

மதியமே லீவு சொல்லிவிட்டு வந்தேன். அக்கா டம்ளரும் கையுமாக மாத்திரைக்குக் காத்திருந்தாள். "இன்னிக்கு வேண்டாம்க்கா" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. என்னிடம் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஏப்ரல் 17, வெள்ளி

டின்னை அப்படியே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன். மேசையில் கொட்டினேன். வெள்ளித் துண்டுகள், ஒன்றிலும் பெயர் இல்லை. எது எது, எத்தனை நாள், எத்தனை வேளை என்று ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "நானும் இன்னொரு தடவை கேட்டிருக்கணும். வீட்டுல இருக்கிற எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்கன்னு மத்தவங்ககிட்ட சொல்லுவேன். நீங்க கடையில நிக்கிறவங்க, உங்களுக்குத் தெரியும்னு விட்டுட்டேன்."

தலைச்சுற்றல் மாத்திரை, குமட்டல் மாத்திரை இரண்டும் இன்றோடு நிறுத்தம். நடுக்கத்துக்குக் கொடுத்ததை எப்படிக் குறைப்பது என்று கிழமை போட்டு எழுதிக் கொடுத்தார். பிரஷர் மாத்திரை தொடர வேண்டும். "நீங்களா எதையும் ஆரம்பிக்காதீங்க, நீங்களா எதையும் நிறுத்தவும் நிறுத்தாதீங்க."

சரியாகிவிடுமா என்று கேட்டேன்.

"மருந்தால வந்ததுன்னா நிறைய பேருக்கு இறங்கும். வாரக்கணக்கு இல்லை, மாசக்கணக்கு. சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். சிலருக்கு உள்ளுக்குள்ள உண்மையான நோயே தொடங்கியிருக்கும், மருந்து அதைச் சீக்கிரம் வெளியே கொண்டுவந்திருக்கும். இப்ப சொல்ல முடியாது. காத்திருந்துதான் பார்க்கணும்."

ஏப்ரல் 18, சனி

அக்காவிடம் சொல்லிவிட்டேன். சாப்பாட்டு மேசையில், காலை வெளிச்சத்தில், காலி டின்னை நடுவில் வைத்துக்கொண்டு.

முழுக்கக் கேட்டாள். பிறகு மெதுவாக, "பேர் என்ன?" என்றாள்.

சொன்னேன். எழுதிக் கொடு என்றாள். பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அச்சுப்பிழை பார்ப்பது போல ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள்.

"அந்தக் காது டாக்டர் பத்து நாளைக்குத்தானே எழுதினார்?"

"ஆமா."

"நான் கேட்டேன். பத்து நாள்னாரே, இன்னும் எதுக்குன்னு. ரெண்டு தடவை கேட்டேன்."

எனக்கு நினைவில்லை. நான் என்ன சொன்னேன் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"இருபத்தாறு வருஷமா மருந்துக்கடையில நிக்கிறது நானா, நீயா?"

அக்கா அதைக் குரல் மாற்றாமல் சொன்னாள். என் வாக்கியம்தான். நான் சொல்லியிருப்பேன். எனக்கு என்னைத் தெரியாதா?

கோபமா என்று முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு மாதமாக அதைக் கோபம் என்று நினைத்து நான் வீம்பு பிடித்துக்கொண்டிருந்தேன். அது கோபமே இல்லை, முகத்துத் தசைகள் இறுகிப்போனது. இன்று அவளுக்கு உண்மையிலேயே கோபம் வர நியாயம் இருக்கிறது. வந்திருக்கிறதா என்று எனக்குத் தெரிய வழியில்லை. அந்த முகத்தை அப்படி ஆக்கியவளும் நான்தான்.

எழுந்து தன் அறைக்குப் போனாள். பத்தடி தூரம். நான் எண்ணிக்கொண்டு நின்றேன், முப்பத்து நாலு காலடி.

ஏப்ரல் 19, ஞாயிறு

பேசவில்லை. பேச முடியவில்லையா, பேசப் பிடிக்கவில்லையா?

ஏப்ரல் 30, வியாழன்

ஒரு மாற்றமும் இல்லை. குமட்டல் மட்டும் போயிருக்கிறது, நடுக்கத்து மாத்திரை குறையக் குறைய.

கடையில் துண்டு அட்டைகளை இனி யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று ஒரு சிவப்புப் பெட்டி வைத்தேன். அழிப்பதற்கு மட்டும். வெட்டும்போது பெயர் இல்லாத முனையிலிருந்து வெட்டுகிறேன், பெயரும் தேதியும் கடைசி மாத்திரையோடு இருக்கட்டும். வருகிற ஒவ்வொருவரிடமும் கூடுதலாக ஒரு கேள்வி கேட்கிறேன்: "இதை எவ்வளவு நாளா சாப்பிடுறீங்க?" இன்று ஒரு லாரி டிரைவர், தும்மலுக்குத் தூக்கம் வரும் அலர்ஜி மாத்திரையை நாலு மாதமாகப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிறார். "டீ குடிச்சா சரியாப் போயிடும் மேடம்" என்கிறார். அவரை டாக்டரிடம் அனுப்பிவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

முதலாளி பார்த்துக்கொண்டே இருந்தார். வழக்கமான கிண்டலை எதிர்பார்த்தேன். கூட்டம் குறைந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். "கார்ல போனா குமட்டுதுன்னு எட்டு மாசமா தினம் ஒண்ணு. நிறுத்தணுமா?" நாமே முழுங்க வேண்டியதுதான் என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. சிரிக்கத் தோன்றவில்லை. எழுதிக் கொடுத்த டாக்டரை இன்றைக்கே பாருங்கள் என்றேன்.

மே 13, புதன்

அக்காவுக்குப் பழைய தலைச்சுற்றல் வந்துவிட்டது. காலையில் எழுந்ததும் அறை சுற்றுகிறது என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். என் கை தானாக அலமாரிக்குப் போயிற்று. டின் அங்கே இல்லை. அப்போதுதான் நின்றேன்.

டாக்டருக்குப் போன் செய்தேன். காதுக்குள் இருக்கும் சமநிலைக் கோளாறு, அதற்குப் பயிற்சிதான் மருந்து என்று ஒரு பயிற்சியாளரிடம் அனுப்பினார். தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று படுக்கவைத்து, கொஞ்சம் பொறுத்து, மறு பக்கம் திருப்பி எழுப்புகிறார். மூன்றே தடவை. சுற்றல் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது! பதினாலு மாதம் மாத்திரை கொடுத்து நான் மூடி வைத்திருந்ததற்கு இவ்வளவுதான் வைத்தியம்.

வீட்டிலும் செய்யச் சொல்லியிருக்கிறார். நான் அக்காவின் தோளைப் பிடித்துக்கொள்கிறேன். வெகு நாளைக்குப் பிறகு அவளைத் தொடுகிறேன் என்று தோன்றியது.

மே 30, சனி

அச்சகக்காரர் வந்தார். பறவைப் புத்தகத்தை வேறொருவர் முடித்துவிட்டாராம், ஒரு பிரதி கொண்டுவந்தார். அக்கா மடியில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினாள். தாளைப் புரட்ட முடிகிறது! பிறகு ஓரிடத்தில் விரலை வைத்து, "இங்க ஒரு தப்பு இருக்கு" என்றாள். அச்சகக்காரருக்கு அதைவிடச் சந்தோஷமான செய்தி இருந்திருக்காது, அவ்வளவு பல்லைக் காட்டினார்.

ஜூன் 21, ஞாயிறு

அக்காவுக்கு அடுக்குத் தும்மல், கண்ணெல்லாம் அரிப்பு. பழைய நான் என்றால் ஒரு மாத்திரையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருப்பேன். இந்த வயதில் பழைய வகை அலர்ஜி மாத்திரை மனதைக் குழப்பும், தள்ளாட வைக்கும், சிறுநீரைக்கூட அடைக்கும். டாக்டரைக் கேட்டேன். தூக்கம் அதிகம் தராத புது வகையில் ஒன்று, ஐந்து நாளைக்கு என்றார். முழு அட்டையாக, பெயரோடு வாங்கி, அதன் மேல் எழுதினேன்: எதற்கு, எந்த நாள் ஆரம்பம், எந்த நாள் முடிவு.

அக்கா அதை வாங்கிப் பார்த்தாள். "அஞ்சு நாள்னா அஞ்சு நாள்தானே?" என்றாள்.

"அஞ்சு நாள்தான்."

"ஆறாவது நாள் நீ எடுத்துட்டு வந்தா?"

"என் கையில அடி."

அவள் வாய்க்கோடு இடது பக்கம் கொஞ்சம் மேலே போனது. போனதா? நான் அப்படி நினைத்துக்கொண்டேனா? பாத்திரம் கழுவும்போதும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 14, செவ்வாய்

டாக்டர் விரல் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார். நடக்கும்போது இடது கை நன்றாக வீசுகிறது, வலது கை பாதி. நடுக்கத்து மாத்திரையை முழுக்க நிறுத்தி ஒன்றரை மாதம், நிலைமை மோசமாகவில்லை. நல்ல அறிகுறி என்றார். முழுசாகப் போய்விடும் என்று மட்டும் சொல்லவில்லை. அதை எதிர்பார்த்து நானும் கேட்கவில்லை.

திரும்பும்போது அக்கா தானாகவே பேச்சை எடுத்தாள்.

"எனக்குக் கோபம் இருந்தது குட்டி."

"தெரியும்."

"உனக்குத் தெரியாது. மாத்திரைக்காக இல்லை. ரெண்டு தடவை கேட்டேன், நீ திரும்பிப் பார்க்காமயே பதில் சொன்னே. அதுக்கு."

ஆட்டோவில் அழுதேன். ஓட்டுகிறவர் கண்ணாடியில் பார்த்தார். அக்கா எங்கேயோ பார்த்துக்கொண்டு தன் கைக்குட்டையை நீட்டினாள். குட்டி என்று கூப்பிட்டு எத்தனை மாதம் ஆகிறது!

ஆகஸ்ட் 9, ஞாயிறு

அக்கா பழைய செய்தித்தாளில் கோடு போட்டு எழுதிப் பழகுகிறாள். நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன். இரண்டு கோட்டுக்கு நடுவில் எழுத்து நிற்கிறது. களைத்துப்போனால் இன்னும் சிறுக்கிறது. கப்பைப் பிடித்தால் வலது கையில் இன்னும் ஒரு மெல்லிய ஆட்டம். அது அங்கேயே தங்கிவிடலாம். தங்கினால் அது என் பெயரில்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 24, திங்கள்

கேள்விக்காரர் வந்தார். வரிசையில் ஆறு பேர். அவர் கேட்பதற்கு முன்பே தாளைப் பிரித்து, முதல் வரியிலிருந்து நிறுத்தி நிதானமாகப் படித்தேன். "இன்னிக்கு என்னம்மா, இவ்வளவு நல்லா படிக்கிறீங்க?" என்றார். நன்றி சொல்ல வேண்டும் என்று ஏப்ரலிலிருந்து நினைக்கிறேன். இன்று சொன்னேன். எதற்கு என்று ஒன்பது கேள்வி கேட்டார். ஒன்பதுக்கும் பதில் சொன்னேன்.

செப்டம்பர் 5, சனி

கடையிலிருந்து வரும் வழியில் சாமான் வாங்க மளிகைக்கடையில் நின்றேன். கிளம்பும் அவசரத்தில் மூக்குக்கண்ணாடியைக் கவுண்டரிலேயே மறந்து வைத்துவிட்டேன். அக்காவின் பட்டியலைக் கைப்பையிலிருந்து எடுத்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. கடைக்காரரிடம் படித்துச் சொல்லச் சொல்லலாம் என்று பிரித்தேன்.

வேண்டியிருக்கவில்லை. உப்பு. சோப்பு. உருளைக்கிழங்கு. சிவப்பு மை பேனா, இரண்டு. ஒவ்வொன்றும் வரியின் கடைசி வரை ஒரே அளவில் இருந்தது. கண்ணாடி இல்லாமலே படித்தேன். கீழே ஒரு வரி விட்டு, எனக்கு:

"மூளை இந்த வாரம் வேண்டாம். இருக்கிறது போதும்."